மூத்தாள் பெயர் என்ன?

1961 செப்டம்பர் 15. சிங்கப்பூரில் மாதர் சாசனம் நடப்புக்கு வந்த நாள். அன்றுமுதல் முஸ்லிம் அல்லாதார் திருமணங்கள் அனைத்தும் அரசாங்கப் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். ஒருவருக்கு ஒரு துணைதான். அதற்கு முன்பு தாலி கட்டிக்கொண்டவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் பலருடைய திருமணத்துக்கு, அதிலும் மறுமணத்துக்கு, இருக்கும் ஒரே பதிவேடு அவர்களுடைய நினைவுதான். அந்தப் பதிவேட்டின் பக்கங்கள் மண்டாய் தகனச்சாலையில் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டிருக்கின்றன.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் பள்ளிக்காகக் குடும்ப மரம் வரைகிறார்கள். சிலர் இந்தியாவின் வெளிநாட்டுக் குடியுரிமை அட்டைக்கு மனுச்செய்கிறார்கள். பெரியவர் கண்மூடிய பிறகு வீட்டைப் பிரித்துக்கொள்ள வழக்கறிஞரைத் தேடிப் போகிறார்கள். எங்கே போனாலும் ஒரே கேள்வி வந்து நிற்கிறது. தாத்தாவுக்கு முன்பே ஒரு திருமணம் ஆகியிருந்ததா? பாட்டிக்கு முதலில் வேறு கணவர் இருந்தாரா? பதில் தெரிந்த பெரியவரோ அப்போது இருப்பதில்லை.

படையலில் வைத்த சேலை

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். தளத்து வேலை போன பிறகு குடும்பம் ஈசூனுக்குக் குடிவந்தது. வீட்டில் கல்யாணம் என்றால் முதல் நாள், சுமங்கலியாக இறந்த குடும்பப் பெண்ணான பூவாடைக்காரிக்குப் படையல் போடுவோம். தலைவாழை இலை, புதுச்சேலை, மஞ்சள், வளையல், பூ. சேலையை மடித்து வைக்கும்போது அப்பாயி "மூத்தவளுக்கு" என்று மெல்லச் சொல்வார். சிறுவயதில் அதை ஏதோ சாமி பெயர் என்று நினைத்திருந்தேன்.

அப்பாயி காலமான பிறகு அவருடைய பிஸ்கட் டின்னைத் திறந்தோம். தாத்தாவோடு நடந்த கல்யாணத்துக்குக் கோயிலில் கொடுத்த சீட்டு உள்ளே இருந்தது, ஆண்டு 1953. பெரிய அத்தை பிறந்தது 1947. அத்தையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தபோது, தாயார் பெயர் என்ற இடத்தில் நாங்கள் கேட்டே இராத ஒரு பெயர்.

தயங்கித் தயங்கி அத்தையிடம் போய்ச் சொன்னோம். அவர் சிரித்தார். "எனக்குத் தெரியுமே. எங்க அம்மா முகம்கூட லேசா ஞாபகம் இருக்கு. நீங்க யாரும் கேக்கலையே" என்றார். எழுபது ஆண்டுகள் அந்தப் பெயர் எங்களோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறது. அப்பாயி ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அவருக்குச் சேலை வைத்திருக்கிறார். மற்றவர்களுக்குத்தான் கேட்கத் தோன்றவில்லை.

நம் மொழியில் இதற்குச் சொல் பஞ்சம் இல்லை. மூத்தாள், இளையாள், இரண்டாந்தாரம், மூத்தாள் பிள்ளை, அறுத்துக்கட்டு என்று எத்தனையோ. மனைவியை இழந்தவன் நிலையைத் தபுதார நிலை என்றும், கணவனை இழந்தவள் நோன்பிருக்கும் நிலையைத் தாபத நிலை என்றும் தொல்காப்பியமே பிரித்துச் சொல்கிறது. ஆனால் நாம் வரையும் குடும்ப மரத்தில் ஒரு தாத்தா, ஒரு பாட்டி, நடுவே ஒரு கோடு. அவ்வளவுதான்.

பெயர் தெரியாவிட்டால் என்ன ஆகும்?

சொத்திலிருந்து தொடங்குவோம். முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1967ஆம் ஆண்டின் சட்டப்படி மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. பிள்ளைகள் என்று வரும்போது முதல் தாரத்துப் பிள்ளை, இரண்டாம் தாரத்துப் பிள்ளை என்ற பாகுபாடு கிடையாது. எல்லாருக்கும் சம பங்கு. ஊரில் மூத்த மனைவிக்கு ஒரு மகன் இருக்கிறார் என்பது தெரியாமல் இங்குள்ள மூவரும் பங்கு பிரித்துக்கொண்டால், பின்னால் அது வழக்காகலாம்.

மறுபக்கமும் உண்டு. மனைவியின் முதல் திருமணத்துப் பிள்ளையை ஒருவர் சொந்தப் பிள்ளையாகவே வளர்த்திருப்பார். பள்ளிக்கு அனுப்பி, கல்யாணமும் செய்துவைத்திருப்பார். சட்டப்படி தத்து எடுக்காமல், உயிலும் எழுதாமல் அவர் இறந்துபோனால் அந்தப் பிள்ளைக்குப் பங்கு வராது. முப்பது ஆண்டு "அப்பா" என்று கூப்பிட்டது சட்டத்தின் கண்ணில் படுவதில்லை.

மறுமணம் செய்துகொள்வோர் பலருக்கு எட்டாத இன்னொரு செய்தி. திருமணம் நடந்த அன்றே, முன்பு செய்திருந்த மத்திய சேமநிதி நியமனம் செல்லாததாகிவிடும். வரவிருக்கும் திருமணத்தை மனத்தில் வைத்து எழுதியதாக இல்லாவிட்டால் பழைய உயிலும் அப்படியே. மூத்தாள் பிள்ளைகளுக்கென்று எழுதிவைத்தது இரண்டாம் கல்யாணத்தோடு கலைந்துவிடுகிறது. புதிதாக எழுத வேண்டும் என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

இனி அந்த வெளிநாட்டுக் குடியுரிமை அட்டை. இந்தியக் குடிமகனின் பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை வரை அதற்கு மனுச்செய்யலாம். ஆனால் நமக்கும் கொள்ளுத்தாத்தாவுக்கும் இடையில் ஒவ்வொரு கண்ணியையும் தாளில் காட்ட வேண்டும். பாட்டியின் முதல் கணவருக்குப் பிறந்தவர் உங்கள் அப்பா, பள்ளிச் சான்றிதழிலோ இரண்டாம் கணவர் பெயர் என்றால், சங்கிலி அந்த இடத்தில் அறுந்துவிடும். அந்த மறுமணத்துக்கு ஒரு சீட்டு கையில் இருந்தால் அங்கேயே அதை ஒட்டவும் முடியும்.

இது போன தலைமுறையோடு முடிந்துபோகிற சங்கதியும் இல்லை. 2023இல் சிங்கப்பூரில் 28,310 திருமணங்கள் பதிவாயின. அதே ஆண்டில் விவாகரத்தாலும் ரத்தாலும் முடிந்தவை 7,118. இன்றைய குழந்தைகள் நாளை எழுதும் குடும்ப வரலாற்றில் மறுமணம் இல்லாத பக்கம் குறைவாகத்தான் இருக்கும்.

கடலுக்கு இரு கரையிலும் குடும்பம்

தாத்தாக்களைக் கூண்டில் ஏற்றும் முன்பு அவர்கள் காலத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர் இந்தியர்களில் ஒரு பெண்ணுக்கு ஐந்து ஆண்களுக்கு மேல் இருந்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தவர்களில் பலர் ஊரில் மனைவியை விட்டுவிட்டு வந்தவர்கள். ரஜுலா கப்பலில் ஊர் போய்த் திரும்பச் செலவும் நாளும் பிடிக்கும். சிலருக்குப் பத்தாண்டு கழித்துத்தான் அது வாய்த்தது.

அன்றைய இந்து வழக்கத்தில் ஆண் ஒரு மனைவி இருக்கும்போதே இன்னொருத்தியை மணக்கத் தடையில்லை. சென்னை மாகாணம் 1949இல்தான் இருதார மணத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தது; இந்தியா முழுமைக்கும் 1955இல் வந்தது; இங்கே 1961. ஆகவே தாத்தாவின் இரண்டு திருமணங்களும் அவர் காலத்தில் சட்டப்படி செல்லுபடியானவையாக இருந்திருக்கலாம். ஊரில் காத்திருந்த பெண்ணின் துயரத்தை அது குறைக்காது. ஆனால் இங்குள்ள பாட்டியை "வைத்துக்கொண்டவள்" என்று யாராவது சொன்னால், அது தவறு என்று காட்ட இந்த ஆண்டுகள் உதவும்.

பெண்களின் கதை இன்னும் ஆழத்தில் கிடக்கிறது. 1942-43இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே சுமார் 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனார்கள். திரும்பாதவர்கள் ஆயிரக்கணக்கில். உடல் வரவில்லை, இறந்த தேதி தெரியாது, இறப்புச் சான்றிதழும் கிடையாது. காத்திருந்து காத்திருந்து, கையில் குழந்தையோடு அந்தப் பெண்கள் மறுபடி வாழ்க்கைப்பட்டார்கள். தாளில் பார்த்தால் இரண்டாவது திருமணமே முதல் திருமணம்போல் தெரியும். முதல் கணவர் பிறந்ததற்கும் இறந்ததற்கும் இங்கே எழுத்தில் ஏதும் இல்லை. அவருடைய பெயரைச் சொல்ல இன்று எஞ்சியிருப்பது அந்தப் பெண்ணின் மூத்த பிள்ளை மட்டும்தான். அவருக்கும் வயது எண்பதுக்கு மேல்.

யாரிடம் எந்தப் பதிவேடு?

ஒரே தெருவில் குடியிருந்த மூன்று தமிழ்க் குடும்பங்கள் விட்டுச்சென்ற தாள்கள் மூன்று விதமாக இருக்கும்.

முஸ்லிம் குடும்பங்களுக்குத் தடம் கொஞ்சம் தெளிவு. 1880லேயே இங்கே முஸ்லிம் திருமணச் சட்டம் வந்துவிட்டது. காதிகள் நிக்காஹ் மட்டுமின்றி தலாக்கையும், கணவனும் மனைவியும் மீண்டும் சேர்ந்ததையும் பதிந்துவைத்தார்கள். 1958இல் ஷரியா நீதிமன்றம் அமைந்தது. கடையநல்லூரிலோ தென்காசியிலோ முதல் நிக்காஹ் நடந்திருந்தால் அங்குள்ள ஜமாஅத்தின் தப்தரில் தேட வேண்டும்.

கிறிஸ்தவர்களுக்குத் தேவாலயப் பதிவேடு. ஓபிர் சாலையில் 1888இல் எழுந்த லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகவே கட்டப்பட்டது. பழைய திருமணப் பதிவேடுகளில் மணமகன், மணமகளின் நிலைக்கென்றே ஒரு கட்டம் உண்டு: கன்னியா, விதவையா, மனைவியை இழந்தவரா. கத்தோலிக்கர்களிடம் இன்னொரு நல்ல வழக்கம் இருக்கிறது. ஒருவர் எங்கே மணமுடித்தாலும், அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் போய், அங்குள்ள ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும். அதனால் சொந்தப் பங்கின் பதிவேட்டில் ஓரக் குறிப்பைப் பார்த்தால் சிங்கப்பூர்க் கல்யாணம் அங்கே கிடைக்கலாம்.

இந்துக் குடும்பங்களின் கையில்தான் தாள் மிகக் குறைவு. 1827இல் நாராயண பிள்ளை தொடங்கிய சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில், ஒரு காலத்தில் இங்குள்ள இந்துத் திருமணங்களுக்குப் பதிவகமாகவே இருந்தது. அதைத் தாண்டி வீட்டில், தோட்டத்தில், தளத்துக் குடியிருப்பில் நடந்த கல்யாணங்களுக்குச் சாட்சி பந்தலில் உட்கார்ந்தவர்களே. வழக்கப்படி நடந்த மணவிலக்கும் அப்படித்தான். பெரியவர்கள் கூடித் தீர்த்துவிட்டால் தீர்ந்தது. அதற்குத் தாள் ஏது?

நகரத்தார் இதில் விதிவிலக்கு. அவர்கள் கல்யாணத்தில் இசைகுடிமானம் என்ற திருமண உடன்படிக்கை எழுதுவார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. கோயில் வரிக்காக வைத்த கணக்கு அது. ஆனால் எந்த ஆண்டில் புள்ளி அரைப்புள்ளியானது, எந்த ஆண்டில் மறுபடி முழுப்புள்ளியானது என்று பார்த்தால் மனைவி இறந்ததும் மறுமணம் நடந்ததும் தெரிந்துவிடும். வரிக்கணக்கு இவ்வளவு சொல்லும் என்று நான் நினைத்ததில்லை.

யாழ்ப்பாணத்து வழிவந்தவர்களுக்கு டச்சுக்காரர் காலத்துத் தோம்புகள் என்னும் பதிவேடுகள் கொழும்பு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பள்ளித் தோம்புகளில் ஞானஸ்நானத்தோடு திருமணங்களும் உண்டு.

சீர்திருத்தத் திருமணங்கள் தனி. பெரியார் 1929இல் மலாயாவுக்கு வந்தார். 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கியது, 1935இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். புரோகிதர் இல்லாத கல்யாணத்தையும் கைம்பெண் மறுமணத்தையும் வெட்கப்படாமல் மேடையில் நடத்திய இயக்கம் அது. இப்படி நடந்த கல்யாணத்துக்குக் கோயில் சீட்டு இருக்காது. பத்திரிகைச் செய்தி இருக்கலாம். பழைய தமிழ் முரசு இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம். பெயரை அடித்துத் தேடுவதைவிட, மாதம் தெரிந்தால் நாள்வாரியாகப் புரட்டுவதே மேல்.

தாளை வாசிக்கும்போது

பல ஐரோப்பியக் குடும்பங்களில் பெண் மறுமணம் செய்தால் குடும்பப் பெயரே மாறிவிடும். அதோடு அவரைத் தொலைத்துவிடுகிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. எத்தனை முறை மணந்தாலும் அடையாள அட்டையில் அவர் தன் தகப்பன் பெயரோடுதான் இருப்பார். ஆகவே பாட்டியைத் தேடும்போது கணவர் பெயரைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். அவருடைய அப்பா பெயரைப் பிடியுங்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். லட்சுமி, லெட்சுமி, லெச்சுமி மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம்.

ஒரு பொறியும் உண்டு. மனைவி இறந்தால் அவள் தங்கையையே கட்டிவைப்பது நம்மிடம் பரவலான வழக்கம். குழந்தைகளைச் சித்தியே பார்த்துக்கொள்வாள் என்ற எண்ணம். இந்த வழக்கத்தால் இரண்டு மனைவிகளுக்கும் தகப்பன் பெயர் ஒன்றாகவே இருக்கும். தேடுபவர் "ஒரே பாட்டி, இரண்டு பெயர்" என்று முடிவுகட்டி, இறந்துபோன அக்காவை ஒரேயடியாக அழித்துவிடுவார். பிள்ளைகளின் பிறப்பு ஆண்டுகளுக்கு நடுவே நான்கைந்து ஆண்டு இடைவெளி தெரிந்தால் ஒரு கணம் நின்று யோசியுங்கள்.

தகப்பன் பெயர் மாறியிருந்தாலே மறுமணம் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. தத்துப் பிள்ளைகள் அன்று நிறைய. சீனக் குழந்தைகளை எடுத்து வளர்த்த தமிழ்க் குடும்பங்களும் உண்டு. சான்றிதழில் உள்ள தேதியையும் சரிபார்க்க வேண்டும். 1961க்கு முன் மணந்தவர்கள் பின்னாளில் விரும்பிப் பதிந்துகொள்ள மாதர் சாசனம் இடம் கொடுத்தது. பதிவு எழுபதுகளில் நடந்திருக்கும், தாலி ஏறியது நாற்பதுகளில்.

இனிச் செய்ய வேண்டியவை

முதலில் வீட்டில். எண்பது வயது தாண்டியவரிடம் "உங்களுக்கு முன்னாடி கல்யாணம் ஆச்சா?" என்று எடுத்தவுடன் கேட்காதீர்கள். "தாத்தா கல்யாணத்துக்கு யார் யார் வந்தாங்க?", "மூத்த பிள்ளை பிறந்தப்ப எங்க குடியிருந்தீங்க?", "திதி யார் யாருக்குக் கொடுக்குறோம்?" என்று கேளுங்கள். பேசட்டும். அவர் அனுமதி கொடுத்தால் கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள். சொல்ல மனமில்லை என்றால் விட்டுவிடுங்கள். இன்று இல்லாவிட்டால் அடுத்த மாதம் அவரே தொடங்கக்கூடும். எங்கள் உறவில் அப்படி நடந்திருக்கிறது.

தாள்களில் முதலில் எடுக்க வேண்டியது மூத்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். தாயார் பெயர் அதில் இருக்கும். 1961க்குப் பிந்தைய திருமணம் என்றால் திருமணப் பதிவகத்தில் கட்டணம் செலுத்தித் தேடலாம், சான்றளித்த நகலும் வாங்கலாம். மறுமணத்துக்கு மனுச்செய்பவர் முந்தைய மணவிலக்கின் இறுதித் தீர்ப்பையோ துணைவரின் இறப்புச் சான்றிதழையோ காட்ட வேண்டியிருப்பதால், ஒரு தாள் கிடைத்தால் அதற்கு முந்தையதும் எங்கே என்று தெரிந்துவிடும்.

கோயில்களுக்கு ஒரு வேண்டுகோள். மாரியம்மன் கோயில் உள்ளிட்ட நான்கு கோயில்களை நிர்வகிக்கும் இந்து அறக்கட்டளை வாரியமும், மற்ற பழைய கோயில்களும், 1961க்கு முந்தைய திருமணப் பதிவேடுகள் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை தம்மிடம் உள்ளன என்று ஒரு பட்டியல் வெளியிடலாம். பெயர்கள் வேண்டாம், ஆண்டுகள் போதும். பிறகு தேசிய ஆவணக் காப்பகத்தின் துணையோடு அவற்றைப் படமெடுத்து வைக்கலாம். காப்பகமும் திருமணப் பதிவகமும் இருப்பது ஒரே கேனிங் ரைஸ் தெருவில்தான். காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் பேட்டிகள் எடுத்துவருகிறது. 1961க்கு முன் தமிழ்க் குடும்பங்களில் நடந்த திருமணங்களுக்கென்றே தனியாக ஒரு வரிசை இப்போது தொடங்க வேண்டும். ஐந்தாண்டு தள்ளிப்போட்டால் பேட்டி கொடுக்க ஆள் இருக்காது.

கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் மாதம் ஒரு சனிக்கிழமை பழைய சீட்டுகளையும் கடிதங்களையும் கொண்டுவந்து படமெடுத்துக்கொள்ளவும், பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டவும் ஏற்பாடு செய்யலாம். ஈசூனில் உள்ள சமூக மன்றத்திலேயே இதைச் செய்தால் இன்னும் நல்லது. சக்கர நாற்காலியில் உள்ளவர்களால் கேம்பல் லேன் வரை வர முடிவதில்லை.

கண்டுபிடித்ததை என்ன செய்வது என்பதற்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். அந்த முதல் திருமணத்துப் பிள்ளைகள் உயிரோடு இருந்தால், அவர்கள் சம்மதமில்லாமல் எதையும் இணையத்தில் ஏற்றக்கூடாது. அவர்கள் பெயரும் அவர்கள் தாயின் பெயரும் முதலில் அவர்களுக்குச் சொந்தம். எங்கள் மூத்தவரின் பெயரை இந்தக் கட்டுரையில் எழுதாததும் அதனால்தான். அத்தை இன்னும் யோசிக்கிறார்.

வரும் தை மாதம் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம். அப்பாயி இல்லாததால் இம்முறை சேலையை அத்தைதான் மடித்து வைக்கப்போகிறார். வைக்கும்போது "மூத்தவளுக்கு" என்று சொல்லாமல், பேரப்பிள்ளைகள் காதில் விழும்படி பெயரைச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். வீட்டுக்குள் சொல்லச் சம்மதித்திருக்கிறார்.